வெடிப்பு விட்ட பீமும் உருக்கு இழையும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த பெருமழை மலையகத்தை உலுக்கிச் சென்றதன் பின்னர், தோட்டங்களிலும் நகரங்களிலும் ஒரே கேள்வி பல குரல்களில் ஒலித்தது. சுவரில் வெடிப்பு விட்டிருக்கின்றது, பீமில் கீறல் ஓடியிருக்கின்றது, இந்த வீட்டில் இனியும் குடியிருக்கலாமா என்பதே அக்கேள்வி. நாடு முழுவதும் அறுநூறுக்கும் அதிகமான உயிர்களைக் காவுகொண்ட அந்த அனர்த்தத்தில் மலையகத்துக்கு எமனாக வந்தது மண்சரிவே. எனவே சுவரிலே தோன்றும் மயிரிழைக் கீறலைக் கண்டும் மக்கள் அஞ்சுவதில் வியப்பேதும் இல்லை.

அழிந்த வீடுகளை மீளக் கட்டுவது பற்றிப் பேசப்படும் போதெல்லாம் புதிய கட்டடப் பொருட்களின் பெயர்களும் அடிபடுவது வழக்கம். அவற்றுள் ஒன்று உருக்கு இழை. கொங்கிறீட்டைக் குழைக்கும்போதே மெல்லிய உருக்குத் துண்டுகளை அதனுள் தூவிக் கலந்துவிட்டால் பீம் வெடிக்காது, கம்பிச் செலவும் மிச்சமாகும் என்றொரு பேச்சு ஆங்காங்கே காதில் விழுகின்றது. இதில் பாதி உண்மை. மறுபாதி ஆபத்தான தவறு. எந்தப் பாதி எது என்பதை விளங்கிக்கொள்ளப் பொறியியல் பட்டம் தேவையில்லை. கலைப் பட்டதாரியான நமக்கே விளங்குகின்றதென்றால் எவருக்கும் விளங்கும்.

கொங்கிறீட்டின் குணத்தை முதலில் பார்ப்போம். அதனை அழுத்தினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. சாதாரண வீட்டு வேலைக்கான கொங்கிறீட் நன்கு இறுகிய பின்னர் சதுர மில்லிமீற்றர் ஒன்றுக்கு 20 நியூற்றன், அதாவது ஏறத்தாழ 2 கிலோ எடை அழுத்தினாலும் நொறுங்காது. ஆனால் அதே கொங்கிறீட்டை இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்கு விசையிலேயே பிளந்துவிடும். இரு சுவர்களின் மீது படுத்திருக்கும் பீம் ஒன்றின் மேல் பாரம் ஏறும்போது அது சற்றே தொய்கின்றது. மேற்புறம் அழுத்தத்துக்கும் கீழ்ப்புறம் இழுவைக்கும் உள்ளாகின்றது. ஆகவே வெடிப்பு எப்பொழுதும் கீழிருந்துதான் புறப்படும். அதனாற்றான் கம்பிகளும் பீமின் கீழ்ப்புறமாக வைக்கப்படுகின்றன.

கம்பியையும் கொங்கிறீட்டையும் சேர்க்கும் இந்த உபாயத்துக்கு பிரான்ஸ் நாட்டுத் தோட்டக்காரரான ஜோசப் மொனியே காப்புரிமை பெற்றது 1867 ஆம் ஆண்டில். பூச்செடி வைக்கும் தொட்டிகள் உடையாதிருக்க அவர் கண்ட வழி அது. அதே 1867 இல்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டும் ஒரே வயதினவாயினும், தேயிலையை நம்பி மலையேறிய எமது மக்களின் லயன் அறைகளை மற்றையது நெடுங்காலம் எட்டிப் பார்க்கவில்லை. கருங்கல்லும் மண்சாந்தும் தகரக் கூரையுமே அவர்களுக்கு வாய்த்தன. கொங்கிறீட் பீம் தோட்ட வீடுகளுக்குப் பரவலாக வந்தது மிக அண்மைக் காலத்தில் எனலாம்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் டிக்கோயாப் பக்கத் தோட்டமொன்றில் வீடு கட்டிக்கொண்டிருந்த முதிய மேசன் ஒருவரிடம், இத்தனை கம்பி எதற்கு என்று கேட்டோம். "கம்பி வைச்சாத்தானுங்க ஐயா கொங்கிறீட் வெடிக்காது" என்றார். அனேகமாக எல்லோருமே அவ்வாறுதான் நம்புகின்றோம். உண்மை நேர்மாறானது. கொங்கிறீட் வெடிக்கும் கணம் வரை கம்பி ஏறத்தாழச் சும்மாவே இருக்கின்றது. தனது வலுவில் பத்தில் ஒரு பங்கைக்கூட அது அப்பொழுது பயன்படுத்துவதில்லை. கொங்கிறீட் வெடித்து, இழுவையைத் தன்னால் தாங்க இயலாது என்று கைவிட்ட பின்னரே கம்பி அப்பாரத்தை ஏற்கின்றது. ஆகவே கம்பியிட்ட பீமின் நடுப்பகுதியில் அடிப்புறமாகத் தோன்றும் மெல்லிய செங்குத்துக் கீறல் நோயின் அறிகுறியன்று, கம்பி வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதன் அறிகுறி. அக்கீறலின் அகலம் என்ன என்பதே கேள்வி. பொதுவாக 0.3 மில்லிமீற்றர் வரையிலான வெடிப்பைப் பொறியியலாளர்கள் அனுமதிக்கின்றனர். சாதாரண எழுதுதாள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் தடிப்பு அது.

இனி இழைக்கு வருவோம். களிமண்ணுடன் வைக்கோலைச் சேர்த்துக் குழைத்துச் சுவர் வைத்த மரபு எமக்குப் புதிதன்று. காயும்போது மண் பாளம் பாளமாக வெடித்துப் போகாமல் வைக்கோல் அதனைப் பிடித்துக்கொள்கின்றது. உருக்கு இழையின் தத்துவமும் அதுவே. அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் ஜேம்ஸ் ரொமுவால்டியும் அவரது சகாக்களும் 1963, 1964 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளின் பின்னரே இது முறையான விஞ்ஞானமாக வளர்ந்தது. இன்று பயன்படும் இழைகள் பெரும்பாலும் 30 முதல் 60 மில்லிமீற்றர் நீளமும் ஒரு மில்லிமீற்றருக்கு உட்பட்ட தடிப்பும் கொண்டவை. இரு முனைகளும் கொக்கிபோல் வளைந்திருக்கும். வெடிப்பு ஒன்று குறுக்கே வரும்போது, அதன் இரு கரைகளையும் தையல் போட்டாற்போல் இவ்விழைகள் பிடித்துக்கொள்கின்றன. வெடிப்பு மேலும் திறக்க வேண்டுமாயின் கொக்கிகள் நிமிர்ந்து இழைகள் உருவப்பட்டு வெளியே வர வேண்டும். அவ்வாறு உருவுவதற்குச் செலவாகும் சக்தியே இழையிட்ட கொங்கிறீட்டின் பலம்.

ஐரோப்பிய நியமத்தின்படி இதனைச் சோதிக்கும் முறை எளிமையானது. 150 மில்லிமீற்றர் சதுர வெட்டுமுகமும் 550 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட சிறு பீமொன்றை வார்த்து, அடிப்புறத்தின் நடுவில் 25 மில்லிமீற்றர் ஆழத்துக்கு ஒரு வெட்டு இட்டு, மேலிருந்து அழுத்துகின்றனர். இழையற்ற பீம் வெடிப்புத் தோன்றிய அக்கணமே இரண்டாக முறிந்து விழுகின்றது. இழையிட்ட பீமிலும் வெடிப்பு ஏறத்தாழ அதே பாரத்தில்தான் தோன்றுகின்றது. ஆனால் அது விழுவதில்லை. வெடிப்பு அரை மில்லிமீற்றர், ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மில்லிமீற்றர் என்று வாய் திறக்கத் திறக்க, ஒவ்வொரு கட்டத்திலும் பீம் இன்னமும் எவ்வளவு பாரத்தைச் சுமக்கின்றது என்று அளந்து குறிக்கின்றனர்.

இதிலிருந்து பெறப்படும் செய்தி தெளிவானது. வழக்கமான அளவில், அதாவது ஒரு கன மீற்றர் கொங்கிறீட்டுக்கு 20 முதல் 40 கிலோ வரை, இழை சேர்ப்பதால் நசுக்க வலிமை குறிப்பிடத்தக்க அளவுக்கு உயர்வதில்லை. முதல் வெடிப்புத் தோன்றும் பாரமும் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது வெடித்ததன் பின்னரான நடத்தை. திடீரென முறிந்து விழ வேண்டியது மெதுவாகத் தொய்ந்து, வெடித்துக் காட்டி, வீட்டாருக்கு வெளியேற அவகாசம் தருகின்றது. கம்பியுடன் சேர்த்து இழையும் இடப்படும்போது ஓரிரு அகன்ற வெடிப்புகளுக்குப் பதிலாக மெல்லிய வெடிப்புகள் பல, நெருக்கமாகத் தோன்றுகின்றன. வருடத்தில் பாதி நாள் மழையும் மூடுபனியுமாக இருக்கும் பிரதேசத்தில் இது அற்ப விடயமன்று. அகன்ற வெடிப்பினூடாக நீர் இறங்கும். நீர் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்துக் கொங்கிறீட்டைப் பெயர்த்து வீசும்.

அப்படியாயின் கம்பியை விட்டுவிட்டு இழையை மட்டும் போட்டால் என்ன? இங்கேதான் கவனம் தேவை. ஒன்பது அங்குலச் சதுரமும் பத்தடி நீளமும் கொண்ட பீம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கன மீற்றருக்கு 30 கிலோ வீதம் இழை சேர்த்தால் இந்த பீமுக்குள் ஏறத்தாழ 5 கிலோ இழை செல்லும். 60 மில்லிமீற்றர் நீளமும் 0.75 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள இழையாயின் இருபதாயிரத்துக்கும் அதிகமான துண்டுகள்! மறுபுறம், அதே பீமின் அடியில் 12 மில்லிமீற்றர் கம்பி இரண்டை வைத்தால் அவற்றின் எடையும் ஏறத்தாழ ஐந்தரைக் கிலோதான். இரும்பின் எடை அநேகமாக ஒன்று. ஆனால் வளைவைத் தாங்கும் திறனைக் கணக்கிட்டுப் பார்த்தால் கம்பிகள் தருவது இழைகள் தருவதைப் போன்று மூன்று, நான்கு மடங்கு. காரணம் வெளிப்படை. கம்பி, இழுவை எங்கே உள்ளதோ அங்கேயே, அது எத்திசையில் உள்ளதோ அத்திசையிலேயே நீட்டி வைக்கப்பட்டுள்ளது. இழையோ பீம் முழுவதும் எல்லாத் திசைகளிலும் சிதறிக் கிடக்கின்றது. தேவையான இடத்தில், தேவையான திசையில் நிற்பவை ஒரு பகுதி மாத்திரமே. கம்பியின் இடத்தை இழை பிடிக்கும் என்று நம்பி எவரேனும் வீட்டு பீமில் பிரதான கம்பியைக் குறைப்பாராயின், அவர் தமது குடும்பத்தின் தலைக்கு மேலே சோதனை செய்கின்றார் என்றே சொல்ல வேண்டும்.

எனினும் இச்சிதறலே ஓரிடத்தில் பெரும் நன்மையாக மாறுகின்றது. பீம் சுவரிலோ தூணிலோ அமரும் இடத்துக்கு அண்மையில் தோன்றும் வெடிப்பு செங்குத்தாக வருவதில்லை, சாய்வாக ஓடும். பொறியியலாளர்கள் மிகவும் அஞ்சுவது இவ்வெடிப்புக்கே. நடுப்பகுதி வெடிப்பு எச்சரித்து வருவது. சாய்வு வெடிப்போ பல வேளைகளில் எச்சரிக்காமல் பீமை ஒரேயடியாக வெட்டி வீழ்த்துவது. இதனைத் தடுப்பதற்காகவே பிரதான கம்பிகளைச் சுற்றி வளையங்கள் கட்டப்படுகின்றன. எமது வீடுகளில் அதிகம் களவாடப்படுவதும் இவ்வளையங்களே. ஆறு அங்குலத்துக்கு ஒன்று கட்ட வேண்டிய இடத்தில் ஓரடிக்கு ஒன்று கட்டப்படுகின்றது. கொங்கிறீட் ஊற்றிய பின்னர் யாருக்குத் தெரியப் போகின்றது? எத்திசையில் வெடிப்பு ஓடினாலும் குறுக்கே சில இழைகள் நிற்கும் என்பதனால், சாய்வு வெடிப்பை எதிர்ப்பதில் இழைகள் உண்மையாகவே உதவுகின்றன. அமெரிக்கக் கொங்கிறீட் நிறுவகம் தனது கட்டட விதிக்கோவையில் 2008 ஆம் ஆண்டில் இதனை ஏற்றுக்கொண்டது. கன மீற்றருக்கு ஏறத்தாழ 60 கிலோவுக்குக் குறையாத இழை, 600 மில்லிமீற்றருக்கு மேற்படாத உயரம் கொண்ட பீம், சோதித்து உறுதிசெய்யப்பட்ட கலவை போன்ற நிபந்தனைகளுடன், குறைந்தபட்ச வளையங்களுக்குப் பதிலாக இழையைப் பயன்படுத்தலாம் என்றது. அடிக்கம்பியை நீக்கலாம் என்று அது எங்கும் கூறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

உலகம் இழையைப் பெருமளவில் பயன்படுத்துவது வீட்டு பீமில் அன்று. தொழிற்சாலைத் தரைகளிலும் சுரங்கங்களிலுமே அதன் ஆட்சி நடைபெறுகின்றது. குடைந்தெடுத்த பாறையின் மீது இழை கலந்த கொங்கிறீட்டைக் குழாய் மூலம் வீசிப் பூசினால், கரடுமுரடான பாறைக்கு ஏற்றபடி கம்பிவலை கட்டும் வேலை மிச்சமாகின்றது. வேலையாட்கள் பெயரும் பாறைக்குக் கீழே நிற்க வேண்டிய நேரமும் குறைகின்றது. நோர்வே நாட்டுச் சுரங்கங்கள் இதில் முன்னோடிகள். லண்டன் நகரின் அடியில் தோண்டப்பட்ட ரயில் சுரங்கங்களின் வளையத் துண்டுகள் இழையிட்ட கொங்கிறீட்டால் வார்க்கப்பட்டவை. எமது மலைகளும் குடையப்படாதவை அல்ல. 2012 இல் திறந்து வைக்கப்பட்ட மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காகத் தலவாக்கலையிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளத்துக்குச் சுரங்கம் செல்கின்றது. நுவரெலியா வீதியில் இறம்பொடையில் 2008 இல் திறக்கப்பட்ட வீதிச் சுரங்கம் 225 மீற்றர் நீளமானது. மலையகத்தில் இழைக்கு உரிய முதல் இடம் இத்தகைய வேலைகளிலும், பாரமான இயந்திரங்கள் அதிரும் தேயிலைத் தொழிற்சாலைத் தரைகளிலும், சரிவோர வீதிகளுக்கு மேலே வெட்டிய மண்முகங்களைப் பூசி நிறுத்துவதிலுமே உள்ளது என்பது எமது கருத்து.

வீட்டு வேலைக்கு வரும்போது வேறொரு சிக்கலும் எழுகின்றது. தோட்டத்து வீடு கட்டப்படும் விதம் யாவரும் அறிந்ததே. பாதை முடியும் இடத்தில் லொறி நின்றுவிடும். அங்கிருந்து சீமெந்தும் மணலும் சல்லியும் தோளிலும் தலையிலும் மலையேறும். தகரத்தின் மீது கொட்டி மண்வெட்டியால் குழைக்கப்படும். இழையைக் கையால் குழைத்தால் அது சமமாகப் பரவாது. முள்ளம்பன்றிபோல் உருண்டு திரண்டு நிற்கும். அவ்வுருண்டை உள்ள இடத்தில் கொங்கிறீட் இறங்காமல் பொந்து விழும். அதாவது பலத்துக்கென்று சேர்த்தது பலவீனமாக முடியும். கலவை இயந்திரம் இன்றி இழையைத் தொடவே கூடாது. மேலும், இழை சேர்ந்தவுடன் கலவை விறைப்பாகத் தோன்றும். உடனே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றப்படும். நீர் கூடினால் சீமெந்துப் பசை நலிவடையும். நலிந்த பசையிலிருந்து கொக்கி நிமிராமலே இழை வழுக்கிக்கொண்டு வெளியேறும். இழைக்குக் கொடுத்த பணம் முழுவதும் அந்த ஒரு வாளித் தண்ணீரோடு போய்விடுகின்றது.

குளிரையும் மறந்துவிடலாகாது. கொழும்பில் சராசரி வெப்பநிலை 27, 28 பாகை. நுவரெலியாவில் 16 பாகை அளவே. தை மாத இரவுகளில் பத்துக்கும் கீழே இறங்குவதுண்டு. குளிரில் சீமெந்து மெதுவாகவே இறுகும். கொழும்பில் பழகிய நாட்கணக்கின்படி இங்கே பலகையையும் முட்டுக்கொடுத்த கம்புகளையும் கழற்றினால், பாதி இறுகிய பீம் தன் பாரத்தாலேயே வெடிக்கும். நுவரெலியா, ஹட்டன் நகரங்களில் சரிவோரமாக நெருங்கி எழுந்துள்ள தமிழ், முஸ்லிம் வர்த்தகர்களின் மாடிக் கடைகளிலும், ஊர்மக்கள் சேர்த்த பணத்தில் எழும் கோயில் மண்டபங்களிலும் பள்ளிவாசல்களின் மேல்தளங்களிலும் இவ்விடயம் கூடுதல் கவனத்துக்குரியது. தூணின்றி அகன்ற மண்டபம் வேண்டும் என்பதனால் அங்கே பீம்கள் நீளமானவை. திருவிழாவிலோ ஜும்ஆவிலோ நூற்றுக்கணக்கானோர் ஒரே வேளையில் கூடுமிடங்கள் அவை. சீமெந்து அன்பளிப்பாகக் கிடைப்பதுண்டு. பொறியியலாளரின் மேற்பார்வை அன்பளிப்பாகக் கிடைப்பது அரிது. அத்தகைய கட்டடங்களில் கம்பிக்குத் துணையாக இழையையும் சேர்ப்பது பற்றி ஒரு பட்டயப் பொறியியலாளரிடம் கேட்பதில் பொருள் உண்டு.

ஆனால் எந்த இழையும் எந்தக் கம்பியும் தீர்க்க இயலாத வெடிப்பு ஒன்று உண்டு. அது பீமில் தொடங்கியதல்ல, மண்ணில் தொடங்கியது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தவில் லயன் வரிசைகள் மண்ணுள் புதைந்தபோது அங்கே பீமின் பலம் பற்றிய பேச்சுக்கு இடமிருக்கவில்லை. ஒரு கன மீற்றர் ஈர மண் இரண்டு தொன்னை நெருங்கும் எடை கொண்டது. மலைச்சரிவு நகரும்போது நகர்வது அத்தகைய கன மீற்றர்கள் ஆயிரக்கணக்கில். இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் முதலில் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்தபடி மேலும் 10,000 வீடுகளுமாக, 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடு என்ற கணக்கு வகுக்கப்பட்டது. அந்த ஏழு பேர்ச்சஸ் எந்தச் சரிவில் உள்ளது என்பதே, அதன் மீது வார்க்கப்படும் பீமில் என்ன கலந்துள்ளது என்பதை விட முந்திய கேள்வி. காணிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு பெறப்பட்டுள்ளதா என்று கேட்கும் உரிமை அங்கு குடியேறும் குடும்பத்துக்கு உண்டு.

ஆகவே வீட்டிலுள்ள வெடிப்பைப் பார்க்கும்போது அது எங்கே உள்ளது, எத்திசையில் ஓடுகின்றது என்று முதலில் நோக்க வேண்டும். பீமின் நடுவே அடிப்புறத்தில் மயிரிழையாக நிற்கும் செங்குத்துக் கீறல் பெரும்பாலும் அச்சத்துக்குரியதன்று. கம்பி ஓடும் வழியே நீளவாக்கில் கபில நிறக் கறையுடன் வெடித்திருந்தால் உள்ளே துரு; காலம் தாழ்த்தாமல் திருத்த வேண்டியது. சுவரோரத்தில் சாய்வாக ஓடும் வெடிப்பாயின் அந்த பீமின் கீழே படுக்கையைப் போடாதிருப்பதே நன்று. பொறியியலாளர் வந்து பார்க்கும்வரை முட்டுக்கொடுத்து வைக்க வேண்டும். சுவரிலே படிக்கட்டுப்போல் ஏறிச் செல்லும் வெடிப்பு, திடீரென மூட மறுக்கும் கதவு, வீட்டுக்கு மேலேயுள்ள சரிவில் தரையில் விழும் பிளவு, சாய்ந்து நிற்கும் மரங்களும் மின்கம்பங்களும், முன்னர் இல்லாத இடத்தில் கலங்கலாகக் கசியும் ஊற்று என்பன சேர்ந்து தோன்றினால் அது கட்டடத்தின் நோயன்று, மலையின் நகர்வு. அங்கே பீமை ஆராய்ந்துகொண்டு நிற்கலாகாது. உடனே வெளியேற வேண்டும்.

ஐயத்துக்கிடமான ஏனைய வெடிப்புகளுக்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. வெடிப்பின் இரு நுனிகளிலும் பென்சிலால் குறுக்கே கோடிட்டு, அன்றைய திகதியை எழுதி வையுங்கள். வெடிப்பின் குறுக்காகச் சிறிதளவு சீமெந்துப் பசையையும் பூசி விடலாம். ஒவ்வொரு பெருமழையின் பின்னரும் பாருங்கள். கோட்டைத் தாண்டி வெடிப்பு நீண்டிருந்தாலோ, பூசிய பசை பிளந்திருந்தாலோ, கிராம உத்தியோகத்தரிடம் அந்தத் திகதிகளைக் காட்டி, பிரதேச செயலகத்தின் ஊடாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்து மூலம் அறிவியுங்கள். "வீடு வெடித்திருக்கின்றது" என்று வாய்மொழியாகச் சொல்லும் முறைப்பாட்டை விட, எந்த நாளில் எத்தனை அங்குலம் நீண்டது என்று திகதியுடன் சொல்லும் முறைப்பாட்டைப் புறந்தள்ளுவது எந்த அலுவலகத்துக்கும் சுலபமன்று.